பசிக்குக் காரணம் வயிறு மட்டுமல்ல
உடம்புக் கொழுப்பு மூளைக்கு அனுப்பும் செய்தி



"அவளுக்கு வாய் அடங்காது, அதுதான் இப்படி ஊதிப் போயிட்டா" என்றும், "இவன் எதைத் தின்னாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்றும் லயத்தில் பேசிக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். பசி என்பது அவரவர் மனக்கட்டுப்பாடு மட்டுமே என்ற எண்ணந்தான் இந்தப் பேச்சுக்குக் காரணம். ஆனால் வைத்திய ஆராய்ச்சி கண்டது வேறு. பசியைக் கூட்டவும் குறைக்கவும் உடம்புக்குள்ளேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதைப் பற்றி இம்முறை பார்ப்போம்.

கொழுப்பின் வேலை என்ன?

நாம் சாப்பிடும் ரொட்டி, சோறு, சீனி, எண்ணெய் ஆகியவற்றில் அன்றைய வேலைக்குச் செலவானது போக மிஞ்சுவதை உடம்பு கொழுப்பாகச் சேர்த்து வைக்கிறது. அடுப்படியில் இருக்கும் மா மூட்டை மாதிரிதான் இது. காய்ச்சலில் படுத்தாலும், சாப்பாடு குறைந்தாலும் அதிலிருந்து எடுத்துச் செலவழிக்கலாம்.

இந்தக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. "இருப்பு இவ்வளவு இருக்கிறது" என்று மூளைக்குத் துண்டு எழுதி அனுப்புகிறது. அந்தத் துண்டுதான் 'லெப்டின்' என்ற ஹோர்மோன். கொழுப்புக் கலங்களில் உண்டாகி, இரத்தத்தில் கலந்து, மூளையின் அடியில் உள்ள 'ஹைப்போதலமஸ்' என்ற சிறு பகுதியைச் சேருகிறது. கொழுப்பு கூடினால் லெப்டினும் கூடும். மூளை பசியைக் குறைக்கும். கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். மூளை பசியைக் கிளப்பிவிடும்.

ஒரு வேளை சாப்பாட்டில் வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்வது வேறு. அதை இரைப்பையும் குடலும் அறிவிக்கின்றன. லெப்டின் பார்ப்பது நாட்கணக்கான, மாதக்கணக்கான இருப்பை.

எலியிலிருந்து கிடைத்த பாடம்

1949 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுகூடத்தில், ஓயாமல் தின்று உருண்டையாய்ப் பருத்த சுண்டெலிகள் சில காணப்பட்டன. அங்கே வேலை செய்த டக்ளஸ் கோல்மன் என்பவர் பின்னாளில், இப்படிப்பட்ட எலி ஒன்றையும் சாதாரண எலி ஒன்றையும் இரத்தம் கலக்கும்படி இணைத்துப் பார்த்தார். பருத்த எலியின் தீனி குறைந்தது. சாதாரண எலியின் இரத்தத்தில் பசியை அடக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது, பருத்த எலியிடம் அது இல்லை என்று அவர் கண்டுகொண்டார்.

அந்த 'ஏதோ ஒன்று' எது என்பதை 1994 இல் நியூயோர்க்கில் ஜெப்ரி பிரீட்மன் என்ற விஞ்ஞானியின் குழு கண்டுபிடித்தது. 'மெலிந்த' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயர் வைத்தார்கள்.

1997 இல் இங்கிலாந்தில், லெப்டின் அறவே சுரக்காத இரண்டு பிள்ளைகளைப் பற்றிய செய்தி வெளியானது. எட்டு வயதுப் பிள்ளை 86 கிலோ, இரண்டு வயதுப் பிள்ளை 29 கிலோ. எவ்வளவு கொடுத்தாலும் அவர்களுக்குப் பசி தீரவில்லை. பின்னர் லெப்டினை ஊசி மூலம் கொடுத்தபோது பெரிய பிள்ளையின் பசி அடங்கியது, எடையும் இறங்கியது. வளர்த்த விதத்தையோ பிள்ளையின் பேராசையையோ குறை சொன்னவர்களுக்கு இது நல்ல பதில்.

அப்படியானால் ஊசி போட்டு மெலியலாமா?

முடியாது. அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது மிக அபூர்வமான பிறவிக் குறை. சாதாரணமாகப் பருத்தவர்களின் இரத்தத்தில் லெப்டின் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருக்கிறது. கந்தோரில் துண்டு குவிந்து கிடந்தாலும் கிளாக்கர் ஐயா வாசிக்காவிட்டால் என்ன பயன்? அதுபோலத்தான் மூளை அந்தச் செய்திக்குச் சரியாகச் செவி கொடுப்பதில்லை. பருத்தவர்களுக்கு லெப்டின் ஊசி போட்டுப் பார்த்ததில் பெரும்பாலானோருக்குச் சொல்லத்தக்க பலன் கிடைக்கவில்லை. ஆகவே டவுனில் யாராவது "இந்தக் குளிசை கொழுப்பைக் கரைக்கும்" என்று விற்றால் காசைக் கொடுத்து ஏமாற வேண்டாம்.

பட்டினி கிடந்தால் நடப்பது

நமக்கு முக்கியமான விஷயம் இதுதான். திடீரென்று சாப்பாட்டை நிறுத்தினால், கொழுப்பு கரைவதற்கு முன்பே ஒன்றிரண்டு நாளில் லெப்டின் இறங்கிவிடுகிறது. "பஞ்சம் வந்துவிட்டது" என்று மூளை நினைக்கிறது. பசியைக் கூட்டி, உடம்பின் செலவைக் குறைக்கிறது. சோர்வு வருகிறது. அதனால்தான் பட்டினி கிடந்து இறக்கிய எடை பலருக்குத் திரும்பவும் ஏறிவிடுகிறது.

மிகவும் மெலிந்த பெண்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. லெப்டின் குறைந்தால், பிள்ளை பெறும் அளவுக்கு இருப்பு இல்லை என்று மூளை முடிவு செய்து மாதவிலக்கை நிறுத்திவிடக்கூடும். குமரிப் பிள்ளை ஒருத்திக்கு மாதக்கணக்கில் அது வராவிட்டால் வேறு காரணங்களும் இருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்காமலும், வாய்க்கு வந்தபடி சந்தேகப்படாமலும், குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ கூட்டிச் செல்லுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மலை ஏறாதீர்கள். ஒரு ரொட்டியாவது, அதோடு பருப்போ கீரையோ கொஞ்சம் சாப்பிட்டுப் போங்கள். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிஞ்சியதைத் தின்பது அம்மாவின் கடமை அல்ல. கொழுந்துக் கூடையைச் சுமப்பதும் அவள்தான். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷ மா அவர்களுக்கே உரியது. வீட்டில் பங்கு போட வேண்டாம்.

எடை குறைக்க வேண்டியவர்கள் தேத்தண்ணியில் போடும் சீனியையும், எண்ணெய்ப் பலகாரத்தையும், இனிப்புச் சோடாவையும் கொஞ்சங் கொஞ்சமாகக் குறையுங்கள். வேளைச் சாப்பாட்டை விடாதீர்கள். முக்கியமாக, நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் பட்டினி கிடப்பது ஆபத்து.

பருத்த பிள்ளையைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அவன் பசி அவன் செய்த குற்றமல்ல. கேலி செய்தால் ஒளித்துத் தின்பானே தவிர மெலிய மாட்டான். அவனோடு சேர்ந்து வீட்டில் எல்லோரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள், பின்னேரத்தில் விளையாட விடுங்கள்.