கரைக்குள் ஓடும் நீர்

மண்ணால் எழுப்பிய அணை எதுவும் நீர் புகாத சுவர் அன்று. தேங்கிய நீர் உட்சரிவில் புகுந்து, மண் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியே கரையைக் கடந்து, வெளிச்சரிவின் அடிவாரத்தை நோக்கி ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும். கரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஊறிய மண்ணும் ஊறாத மண்ணும் பிரியும் எல்லை ஒன்று புலப்படும். பொறியாளர்கள் அதனைக் கசிவுக்கோடு என்பர். அக்கோடு கரையின் அடியோடு இறங்கி முடிந்தால் அணை நிலைக்கும். வெளிச்சரிவின் நடுவிலேயே வெளிப்பட்டால் அவ்விடத்து மண் ஊறிக் கனத்து, பிடிப்பை இழந்து, சரியத் தொடங்கும். தேனி மாவட்டத்து ராசிங்காபுரம் வட்டாரத்துக் கண்மாய்க் கரைகளுக்கும், போடிமெட்டுக்கு அப்பால் ஏலத் தோட்டங்களில் கோடைப் பாசனத்துக்கென அமைத்த குளங்களுக்கும், கொடைக்கானலில் படகு விடும் ஏரிக்கும் இந்த விதி ஒன்றே.

கொடைக்கானல் ஏரியை இயற்கையின் கொடை என்று நம்புவோர் இன்றும் பலர். மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைகள் வந்து கூடிய சதுப்புப் பள்ளத்தை 1863இல் கரை போட்டு மறித்து, தம் சொந்தப் பணத்தையும் செலவிட்டு உருவாக்கிய செயற்கை ஏரி அது. முதல் படகுகளைத் தூத்துக்குடியிலிருந்து தருவித்தவரும் அவரே. சுமார் 60 ஏக்கர் பரப்புள்ள அவ்வேரியில் 1890இல் படகுக் குழாம் தோன்றியது. ஏரி நிரம்பி வழியும் நீர்தான் மலைச்சாலையோரம் வெள்ளி அருவியாக விழுகிறது. பயணிகள் நின்று படமெடுக்கும் அந்த அருவி, பொறியாளர் கண்ணுக்கு ஏரியின் மறுகால் நீரே.

பொழுதுபோக்குக்கான ஏரிக்கும் பாசனக் கண்மாய்க்கும் உள்ள பெரிய வேறுபாடு, முன்னது வற்றுவதே இல்லை என்பதாகும். கண்மாய் கோடையில் காயும். அப்போது கரையின் வெடிப்பும் எலி வளையும் கண்ணில் படும், மடையைச் சீர்செய்ய முடியும், குடிமராமத்து என்ற ஏற்பாடே அந்த வறண்ட மாதங்களை நம்பி எழுந்தது. தண்ணீர் திறக்கும் நீர்பாய்ச்சி கரையில் நடந்துகொண்டே இருப்பார். படகு ஏரியிலோ நீர்மட்டம் குறைந்தால் அழகு கெடும் என்பதால் அது எப்போதும் ததும்ப நிற்க வேண்டும். நீரை எடுப்பார் இல்லாததால் மடை துருப்பிடிக்கும். வருவோர் அனைவரும் நீர்ப்பக்கத்தையே பார்ப்பதால் புதர் மண்டிய வெளிச்சரிவைப் பார்ப்பவர் எவரும் இரார்.

இதன் விளைவை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 1889 மே 31 அன்று கண்டது. சவுத் ஃபோர்க் மண்ணணையை வாங்கி மீன்பிடி ஏரியாக்கிய செல்வந்தர் சங்கம், வண்டிகள் எதிரெதிரே செல்ல வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தியது. மீன்கள் தப்பாதிருக்க மறுகாலில் வலைத் தடுப்பு இட்டது. அடிமடைக் குழாய்களோ முந்தைய உரிமையாளர் காலத்திலேயே கழற்றி விற்கப்பட்டிருந்தன. பெருமழையில் நீர் கரைக்கு மேல் வழிந்தது. கருங்கல் அணை அதைச் சிறிது நேரம் தாங்கும். மண்ணணை தாங்காது, ஏனெனில் வழியும் நீர் வெளிச்சரிவை அரித்துப் பள்ளமாக்க, அப்பள்ளம் பின்னோக்கி ஏறிக் கரையையே பிளந்துவிடும். கீழே ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் மாண்டனர்.

மற்றொரு அழிவு உள்ளிருந்து வருகிறது. கசியும் நீர் வேகமெடுத்து மண் துகள்களைத் தன்னோடு இழுத்துச் செல்லும்போது, வெளிச்சரிவில் தொடங்கும் சிறு துளை உள்நோக்கி வளர்ந்து சுரங்கமாகும். இது குழாயரிப்பு எனப்படும். மட்கிய மர வேரும் நண்டு வளையும் அதற்கு வழி திறந்து கொடுக்கும். நீரைப் போகவிட்டு மண்ணை மட்டும் நிறுத்தும் அளவிலான மணற்படுகையைக் கரைக்குள் வைப்பதே இதற்கு மாற்று. மண்ணியல் பொறியாளர் கார்ல் டெர்சாகி வகுத்த வடிகட்டி விதி இதுவே. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டொக்கோவா அருகே, ஒரு சமயக் கல்லூரிக்குச் சொந்தமான கெல்லி பார்ன்ஸ் அணை ஒரு காலத்தில் மின்சாரம் தந்து, பின்னர் வெறும் பொழுதுபோக்கு ஏரியாக எஞ்சியது. 1977 நவம்பர் 6 நள்ளிரவுக்குப் பின் அது உடைந்து 39 பேர் இறந்தனர். வெளிச்சரிவு மிகச் செங்குத்தாக இருந்ததும், அங்கே ஏற்பட்ட சரிவும் குழாயரிப்பும் சேர்ந்ததுமே காரணமாகலாம் என விசாரணைக் குழு கருதியது.

அந்த அணையின் உயரம் ஏறத்தாழ 12 மீட்டர். தேங்கிய நீர் பத்து லட்சம் கன மீட்டருக்கும் குறைவு. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையிலானவற்றில் 500 மீட்டர் நீளம், பத்து லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற நிபந்தனைகளுள் ஒன்றையேனும் நிறைவு செய்பவற்றையும் மட்டுமே உள்ளடக்குகிறது. போடிமெட்டைத் தாண்டினால் வரும், கேரள மின்வாரியத்தின் ஆனையிறங்கல் மண்ணணை 34 மீட்டர் உயரமுள்ளதாதலால் சட்டத்துக்குள் அடங்கும். கெல்லி பார்ன்ஸ் போன்றதோர் அணை இங்கே இருந்தால், அளவை மட்டும் கொண்டு பார்க்கையில், அடங்காது. கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதைக் கேளாமல் அணையை மட்டும் அளக்கும் இந்த வரையறை மலையடிவாரத்துக்குப் போதுமானதன்று.

கென்யாவின் நகுரு மாவட்டத்தில் 2018 மே 9 அன்று தனியார் பண்ணையின் மண்ணணை ஒன்று உடைந்து, சரிவில் வாழ்ந்த நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஏலத் தோட்டத்துக் குளங்கள் பெரும்பாலும் அதனினும் சிறியவை. எனினும் சரிவில் ஓடும் நீருக்கு வேகம் கூடுதல். படுதா விரித்த குளத்திலும் படுதா கிழிந்த இடத்தில் கசிவு ஒரே புள்ளியில் குவியும். குழாயரிப்பைக் கண்டறியக் கருவி தேவையில்லை. வெளிச்சரிவின் அடியில் கசியும் நீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சிறிது நேரம் வைத்தால் போதும். தெளிந்தே இருப்பின் அது இயல்பான கசிவு. அடியில் வண்டல் படிந்தால் கரையின் உட்பகுதி வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நீர்மட்டத்தைக் குறைத்தே ஆக வேண்டும், ஆனால் ஒரேயடியாக வடித்துவிட்டால், ஊறிய உட்சரிவு தன்னை எதிரே தாங்கி நின்ற நீரின் அழுத்தத்தை இழந்து குளத்துக்குள்ளேயே சரிந்துவிடும்.