அடக்கி வைத்த பம்பு

2005 முதல் 2008 வரை மலேசியாவின் கெடா மாநிலத்தில், அலோர் ஸ்டார் வட்டாரத்தில் 145 பேருக்கு மெலியோய்டோசிஸ் நோய் உறுதியானது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்துபோனார். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது. 2010-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று சொல்லும் கணக்கு இது. கெடா மாநிலத்துக்கு வெளியே இந்த நோயின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. கெடாவிலேயே பலருக்கு இது காய்ச்சல், நிமோனியா, ஆறாத கட்டி என்ற பெயர்களில்தான் அறிமுகமாகிறது.

நோயைத் தரும் பாக்டீரியாவின் பெயர் பர்கோல்டேரியா சூடோமாலி. ஈர மண்ணும் தேங்கிய நீரும்தான் அதன் இருப்பிடம். அலோர் ஸ்டாரின் மெர்கோங் போல நெல்வயலை ஒட்டிய இடங்கள் அதற்குத் தோதானவை. காலில் உள்ள சிறு வெட்டு வழியாக நுழையும். பெருமழையும் காற்றும் சேர்ந்தால் மூச்சு வழியாகவும் போகும். நல்ல உடல்நிலை உள்ளவர்கள் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள். இனிப்பு நீர் உள்ளவர்களைத்தான் அது அதிகம் பிடிக்கிறது. மலேசியாவில் நீரிழிவு விகிதம் இந்தியரிடையே அதிகம் என்பதால், தோட்டப்புறத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் செய்தி அந்நியமானதல்ல.

இந்த நோயை முதலில் அடையாளம் கண்டவர்களில் ஒருவரின் பெயர் கிருஷ்ணசாமி. 1911-இல் ரங்கூன் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவரும் இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்தபோது இந்தக் கிருமி அகப்பட்டது. மறு ஆண்டு வெளியான அறிக்கையில் இருவர் பெயரும் இருந்தது. பிறகு வந்த உலகமோ அதை 'விட்மோர் நோய்' என்று மட்டும் அழைத்தது. மெலியோய்டோசிஸ் என்ற பெயரைச் சூட்டியவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை செய்த ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும்.

மருத்துவர்களைத் திணற வைப்பது இதன் கொடுமை மட்டுமல்ல. சாதாரணமாகக் கைகொடுக்கும் மருந்துகள் பல இதனிடம் எடுபடுவதில்லை. பென்சிலின் பலிக்காது. கடும் தொற்றுக்கு ஊசியாகப் போடும் ஜெண்டாமைசினும் பெரும்பாலும் பலிக்காது. இந்த எதிர்ப்பு எந்த ஆஸ்பத்திரியிலும் கற்றுக்கொண்டதல்ல. மண்ணில் வாழும்போதே கிருமிக்கு இருப்பது. அதன் செல் உறையில் பம்புகள் உண்டு. உள்ளே வரும் நஞ்சை வந்த வேகத்தில் வெளியே இறைத்துவிடும் புரதங்கள் அவை. ஜெண்டாமைசினை இறைப்பது 'அம்ர்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் பம்பு. மண்ணில் பூஞ்சைகளும் மற்ற பாக்டீரியாக்களும் சுரக்கும் நஞ்சுகளுக்கு நடுவே வாழும் உயிருக்கு இப்படிப்பட்ட ஏற்பாடு தேவைதான்.

ஆனால் எல்லாப் பம்புகளும் எந்நேரமும் ஓடுவதில்லை. பம்பைச் செய்யவும் ஓட்டவும் சக்தி செலவாகிறது. எனவே ஒவ்வொரு பம்பின் மரபணுவுக்கும் ஒரு கட்டுப்பாட்டாளர் உண்டு. அதுவும் ஒரு புரதமே. சில கட்டுப்பாட்டுப் புரதங்கள் மரபணுவின் தொடக்கப் பகுதியில் அமர்ந்து, அது அதிகம் வாசிக்கப்படாமல் தடுக்கின்றன. வேறு சில, வேண்டியபோது வாசிப்பைத் தூண்டிவிடுகின்றன. கெடாவின் முடா பாசனக் கால்வாயில் மதகை இறக்கி வைத்திருக்கும் வரை வயலுக்கு அளவான நீர்தான் போகும்; மதகு உடைந்தால் கேட்பாரில்லை. கிருமிக்குள்ளும் அதுதான் நடக்கிறது.

மதகைக் கட்டுவது கடினம், உடைப்பது சுலபம். ஒரு மருந்தை முறியடிக்கும் புதிய நொதியை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து உருவாக்கப் பரிணாமத்துக்கு நெடுங்காலம் வேண்டும். ஏற்கெனவே உள்ள தடுப்புப் புரதத்தைக் கெடுக்கவோ, அதன் மரபணுவில் பல இடங்களில் ஏதாவது ஒன்றில் ஓர் எழுத்து பிசகினாலே போதும். கட்டி ஒன்றில் கோடிக்கணக்கான கிருமிகள் பெருகும்போது அப்படிப்பட்ட பிசகு ஒன்றிரண்டில் நேர்ந்தே தீரும். மருந்து அந்தப் பிசகை உண்டாக்குவதில்லை. மற்றவற்றைக் கொன்று, பிசகியதற்கு இடம் காலி செய்து கொடுக்கிறது. 'கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது' என்று கிளினிக் வாசலில் பேசிக்கொள்வது அவ்வளவு சரியில்லை. எந்தத் தனிக் கிருமியும் பழகவில்லை. பிசகு இல்லாதவை செத்து, பிசகியவை மிஞ்சுகின்றன.

மெலியோய்டோசிஸ் சிகிச்சையில் இதற்குச் சான்றுகள் கிடைத்திருக்கின்றன. ஊசி மருந்தான செஃப்டாசிடிம்தான் இன்றும் முதல் தேர்வு. தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் நடந்து 1989-இல் வெளிவந்த ஆய்வில், பழைய கூட்டுச் சிகிச்சையில் 74 விழுக்காடாக இருந்த இறப்பு, இந்த மருந்தால் 37 விழுக்காடானது. அந்த வெற்றியிலும் ஓட்டை விழும். கிருமியிடம் 'பென்-ஏ' என்ற நொதி உண்டு. மருந்தைச் சிதைப்பது அதன் வேலை. வழக்கமாக அது கொஞ்சமாகத்தான் சுரக்கும், செஃப்டாசிடிமை அவ்வளவாகத் தொடாது. அதன் மரபணுவுக்கு முன்னால், எவ்வளவு வாசிப்பது என்று முடிவாகும் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் நொதி பெருகி மருந்தின் பிடி தளர்ந்ததை நோயாளிகளிடம் கிடைத்த கிருமிகளில் கண்டிருக்கிறார்கள். அந்த மரபணுவே பல பிரதிகளாகப் பெருகிவிடுவதும் உண்டு. இரண்டிலும் நொதி மாறவில்லை, அளவுதான் மாறியது. நொதியின் வடிவமே மாறி எதிர்ப்பு வருவது தனிக் கதை, அதுவும் நடக்கிறது.

மெரோபெனம் நோய் மிகக் கடுமையாகும் நிலைக்கென்று வைத்திருக்கும் மருந்து. 2018-இல் வந்த ஓர் ஆய்வு, மெரோபெனம் எடுத்தும் சரியாகாத நோயாளிகளின் கிருமிகளை ஆராய்ந்தது. பம்புகளை அடக்கி வைக்கும் புரதங்களின் மரபணுக்கள் அவற்றில் கெட்டிருந்தன. கேட்பாரில்லாமல் பம்பு ஓடியது.

வீட்டுக்குப் போன பிறகு சாப்பிடும் மாத்திரையிலும் இதே கதைதான். பாக்ட்ரிம் என்று மக்கள் அறிந்த கோட்ரைமாக்சசோலைக் குறைந்தது மூன்று மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். இந்த மருந்தை இறைக்கும் பம்பு சாதாரண நிலையில் கிட்டத்தட்ட மூடியே கிடக்கிறது. அதைத் தூண்டும் 'பிபிஇடி' என்ற புரதத்தில் மாற்றம் ஏற்பட்டால் பம்பு நிரந்தரமாக ஓடத் தொடங்கும். பம்பு மாறாமலே நோய் திரும்புவதும் உண்டு. பத்து நாளில் காய்ச்சல் இறங்கி, உடம்பு தேறி, வேலைக்குப் போகும் அவசரத்தில் மாத்திரையை நிறுத்தும்போது, மிச்சம் நிற்கும் கிருமிகளிலிருந்தே நோய் திரும்புகிறது. சிகிச்சையை ஒழுங்காக முடிக்காததுதான் நோய் திரும்புவதற்கு முக்கியக் காரணம் என்று தாய்லாந்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூன்று மாதம் மாத்திரை கொடுத்து அனுப்புவதோடு மருத்துவமனை தன் வேலை முடிந்ததென்று நினைப்பது போதாது. கூலி வேலைக்காரர் எதற்காக நிறுத்துகிறார் என்று கேட்க ஆள் வேண்டும்.

சிகிச்சையின் நடுவில் எதிர்ப்பு தோன்றுவது இன்னும் அரிதாகவே இருக்கிறது என்பது ஆறுதல். இந்தக் கிருமி மற்ற பாக்டீரியாக்களிடமிருந்து எதிர்ப்பு மரபணுக்களைக் கடன் வாங்குவதாகவும் பொதுவாகக் காணப்படவில்லை. எதிர்ப்பு, அந்தந்த நோயாளியின் உடலுக்குள் புதிதாகப் பிறந்து, பெரும்பாலும் அங்கேயே முடிந்துபோகிறது.

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் நிலைமை தலைகீழாகவும் இருந்திருக்கிறது. 2014-இல் வெளிவந்த ஆய்வில், சரவாக்கின் உள்நாட்டுப் பகுதிகளில் கிடைத்த இதே கிருமியின் பெரும்பாலான வகைகள் ஜெண்டாமைசினுக்குப் பணிந்தன. 'அம்ர்' பம்பின் மரபணுவிலேயே ஒரு மாற்றம் நேர்ந்து பம்பு செயலற்றுப்போனதுதான் காரணம். நோயாளிக்கு இது நல்ல செய்தி; ஆய்வுக்கூடத்துக்குச் சிக்கல். ஏனென்றால் சூடோமாலியை மட்டும் வளரவிட்டு மற்றவற்றை அழிக்க, ஆஷ்டவுன் என்ற வளர்ப்பு ஊடகத்தில் ஜெண்டாமைசினைத்தான் கலப்பார்கள். அந்தத் தட்டில் சரவாக் கிருமி வளராது. இல்லை என்றே அறிக்கை எழுதப்படும். அதனால் அங்கே அந்த மருந்து கலக்காத ஊடகத்திலும் மாதிரியை வளர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தீபகற்ப மலேசியாவிலோ, சிகிச்சைக்குப் பிறகும் காய்ச்சல் விடாதவரின் ரத்தத்தையும் சீழையும் மறுபடி வளர்த்து, மருந்துச் சோதனையைப் புதிதாகச் செய்தாக வேண்டும். முதல் நாள் அறிக்கையில் இருந்த கிருமியும் இருபதாம் நாள் உடம்பில் இருக்கும் கிருமியும் ஒன்றாக இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை.