எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் பாத்ரூம் காயவில்லையா? கதவுக்கு அடியில் பாருங்கள்

குளித்து முடித்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. எக்ஸாஸ்ட் ஃபேன் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கண்ணாடியில் படிந்த ஆவி போகவில்லை, தரை காயவில்லை, டைல்ஸ் இடுக்கில் கறுப்பாகப் பூஞ்சை வேறு. ‘ஃபேன் சரியில்லை, பெரிசா ஒண்ணு வாங்கிப் போடணும்’ என்றுதான் உடனே தோன்றும். பெரும்பாலான வீடுகளில் தப்பு ஃபேன் மேல் இல்லை. அது வெளியே தள்ளுகிற அளவுக்கு உள்ளே காற்று வர வழியே இல்லை என்பதுதான் பிரச்சினை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அபார்ட்மென்ட்களில் சாதாரணமாக இருக்கும் 8-க்கு 5 அடி பாத்ரூம், உயரம் 9 அடி என்றால், அதற்குள் இருக்கும் காற்று சுமார் 10 கன மீட்டர். அதை மணிக்கு 8 முறை மாற்றினால் போதும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அதாவது மணிக்கு 80 கன மீட்டர். கடையில் கிடைக்கும் 6 இன்ச் ஃபேனே இதைத் தாராளமாகச் செய்யும். ஆனால் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண், காற்று தடையில்லாமல் வந்து போகும்போது கிடைப்பது. கதவை இறுக்கிச் சாத்தி, கரப்பான் வரக் கூடாது என்று அடியில் ரப்பர் பட்டையும் ஒட்டிவிட்டால், ஃபேன் சுற்றும், காற்று நகராது. ஸ்ட்ராவின் ஒரு முனையை விரலால் அடைத்துக்கொண்டு மறுமுனையில் உறிஞ்சுவது மாதிரிதான்.

சோதிப்பது சுலபம். ஃபேனைப் போட்டு, கதவை முழுக்கச் சாத்தி, மெல்லிய டிஷ்யூ பேப்பர் ஒன்றைக் கதவின் அடியில் பிடியுங்கள். உள்பக்கம் இழுத்தால் சரி. அசையாமல் தொங்கினால், கதவுக்கும் தரைக்கும் நடுவே முக்கால் இன்ச்சாவது இடைவெளி வேண்டும். மரக்கதவு என்றால் ஆசாரியிடம் சொல்லி அடியில் சீவிவிடலாம். பிவிசி கதவு என்றால் கீழ்ப்பகுதியில் பிளாஸ்டிக் கிரில் பொருத்தலாம். வாடகை வீடு, கதவில் கை வைக்க ஓனர் விடமாட்டார் என்றால், குளித்து வெளியே வந்ததும் கதவை ஒரு சாண் திறந்துவைத்து அரை மணி நேரம் ஃபேனை ஓடவிடுங்கள். 40 வாட் ஃபேன் தினமும் ஒரு மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு 1.2 யூனிட்தான்.

இன்னொரு தவறு பல வீடுகளில் கண்ணெதிரே இருக்கும். வென்டிலேட்டரின் ஒரு பாதியில் ஃபேன், மறுபாதியில் திறந்த லூவர் கண்ணாடி. ‘ரெண்டும் இருந்தா டபுள் காற்றோட்டம்’ என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. ஃபேன் பக்கத்து லூவர் வழியாக வெளிக்காற்றை இழுத்து, அதையே திரும்ப வெளியே தள்ளும். அறைக்குள் இருக்கும் ஈரக் காற்று இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபேன் ஓடும்போது அந்த லூவரை மூட வேண்டும். காற்று எதிர்ப்பக்கம், கதவுக்கு அடியிலிருந்து வர வேண்டும்.

ஃபேன் போட்டதும் சாக்கடை நாற்றம் வருகிறதா? யாரும் பயன்படுத்தாத கெஸ்ட் பாத்ரூமில் இது சகஜம். தரை ஜாலிக்குக் கீழே, பிளம்பர்கள் ‘நானி ட்ராப்’ என்று சொல்லும் பகுதியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அது வற்றிவிட்டால் ஃபேன் குழாய்க்குள் இருக்கும் காற்றை இழுக்கும். வாரம் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் போதும்.

ஃபேனை விட வைப்பர்

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அப்படியானால் பாத்ரூம் முழுக்க ஆவி நிறைந்திருந்தாலும், காற்றில் இருக்கும் தண்ணீர் 300 மில்லிதான். தரையிலோ அரை மில்லிமீட்டர் உயரத்துக்கு ஈரம் நின்றாலே கிட்டத்தட்ட 2 லிட்டர்! நம் ஊர் பாத்ரூமில் தரை முழுக்க நனைகிறது; வெளிக்காற்றும் ஏற்கெனவே ஈரமாக இருக்கிறது. சென்னையில் மழைக்காலத்தில் அந்த 2 லிட்டரைக் காற்றை வைத்தே காயவைப்பது பெரும்பாடு. வைப்பரால் ஒரு நிமிடம் தள்ளிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. நனைந்த இடம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது.

இங்கேதான் உயிர் போகிறது

இதுவரை சொன்னதெல்லாம் நாற்றமும் பூஞ்சையும். பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருந்தால் கதை வேறு. ஓசூர், ஊட்டி பக்கமோ, வேலைக்காக பெங்களூரு, புனே பக்கமோ வாடகை வீடு பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர், எல்பிஜியை எரிக்க மணிக்குக் குறைந்தது 12 கன மீட்டர் காற்றைத் தின்னும். அறையில் இருப்பதே 10. கதவை மூடிக்கொண்டு கால் மணி நேரம் குளித்தால், சுமார் 3 கன மீட்டர் காற்றின் ஆக்சிஜன் காலி. ஆக்சிஜன் குறையக் குறைய எல்பிஜி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அது ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ‘கேஸ் லீக் ஆனா நாத்தம் வருமே’ என்பார்கள். அந்த நாற்றம் சிலிண்டர் கேஸில் சேர்க்கப்படும் வேதிப்பொருளுடையது. எரிந்த பிறகு வரும் இந்த வாயுவுக்கு அது கிடையாது.

தீபாவளி எண்ணெய்க் குளியல் மாதிரி ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கும் நாளில், கடைசியாகப் போகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்து, வெளியே போகலாம் என்று எழுந்தால் கால் ஒத்துழைக்காது. சிலருக்கு வலிப்பும் வரும். இதைச் சாதாரண ஃபிட்ஸ் என்று நினைத்துவிடுவது நடக்கிறது. இந்திய நரம்பியல் மருத்துவ இதழ்களில் ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’ என்ற பெயரிலேயே கட்டுரைகள் வந்திருக்கின்றன.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் போதாதா? போதாது. கரன்ட் போனால் ஃபேன் நின்றுவிடும். பேட்டரியில் பற்றவைக்கும் கீசர் நிற்காது. கீசரை பால்கனியிலோ திறந்த சர்வீஸ் பகுதியிலோ மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவர வேண்டும். ஓனரிடம் இதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். அதுவரைக்கும், கதவைத் திறந்துவைத்து வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்த பிறகு குளியுங்கள்.

யாராவது உள்ளே மயங்கிக் கிடந்தால், கதவைத் திறந்து, கீசரை அணைத்து, அவரை உடனே வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள். நீங்களும் அங்கே நிற்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். டாக்டரிடம் ‘கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டரால் கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினைப் பிரித்தறிய முடியாது. ஆபத்தான நிலையிலும் அது 98 என்று காட்டலாம். தனி ரத்தப் பரிசோதனையில்தான் உண்மை தெரியும்.