ரெண்டு காலேஜும் ஒரே மாதிரி இருந்தா, எதுக்குப் பணம் கட்டுவீங்க?

போன மாசம் ஒரு வாசகர் பேசினார். வயசு 27, ஐடி வேலை, கைக்கு வர்ற சம்பளம் 55,000. அப்பா ரிட்டயர்டு. தங்கச்சிக்கு அசோகா, கிரியா ரெண்டு பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைச்சிருக்கு. "சார், எது பெஸ்ட்?"

வெளியே இருந்து பார்த்தால் ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான். ரெண்டும் தனியார், ரெண்டும் லிபரல் ஆர்ட்ஸ், ரெண்டிலும் ஹாஸ்டல் வாழ்க்கை. சேர்ந்த பிறகுதான் மெயின் பாடத்தை முடிவு பண்ணலாம். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகையும் தர்றாங்க. அசோகா 2014-ல் தொடங்கியது, ஹரியானா சோனிபட்டில் இருக்கு. கிரியாவின் முதல் பேட்ச் 2019, இடம் ஆந்திரா ஸ்ரீசிட்டி. சென்னையிலிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள் போயிடலாம்.

'எது பெஸ்ட்'னு ரேங்கிங் பார்த்து மண்டையை உடைச்சுக்கிறதுக்கு முன்னாடி, ஒரு பேப்பர் எடுங்க. நாலு வருஷத்துக்கும் சேர்த்து கையிலிருந்து போற பணம் எவ்வளவுன்னு எழுதுங்க.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். 'அ' காலேஜ் வருஷத்துக்கு 11.5 லட்சம், உதவித்தொகை 7 லட்சம். 'ஆ' காலேஜ் 10 லட்சம், உதவித்தொகை 6 லட்சம். உதவித்தொகையை மட்டும் பார்த்தால் 'அ' தாராளமா தெரியும். ஆனா கட்டவேண்டியது 4.5 லட்சம், 4 லட்சம். நாலு வருஷத்துக்கு 18, 16. 'அ' தூரத்தில் இருக்கு. லீவுக்கு வந்துபோக, குளிருக்குத் துணிமணி வாங்கன்னு வருஷம் ஒரு லட்சம் வைங்க. 'ஆ'வுக்கு 25,000 போதும். மொத்தம் 22 லட்சம், 17 லட்சம். அப்பா 10 லட்சம் கொடுத்தால், கடன் 12 அல்லது 7.

10% வட்டி, 10 வருஷம்னா ஒரு லட்சத்துக்கு இஎம்ஐ சுமார் 1,320 ரூபாய். 'அ'வுக்கு மாசம் 15,860, 'ஆ'வுக்கு 9,250. படிக்கும்போது ஏறுற வட்டி தனி. ஒரே மாதிரியான ரெண்டு காலேஜுக்கு நடுவுல, பத்து வருஷத்துக்கு மாசம் 6,610 ரூபாய் வித்தியாசம்!

அட்மிஷன் ஆபீஸில் ரெண்டு கேள்வி கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்க. உதவித்தொகை எல்லா வருஷமும் கிடைக்குமா, அதுக்கு மார்க் நிபந்தனை உண்டா? ஃபீஸ் வருஷா வருஷம் ஏறினால் உதவித்தொகையும் ஏறுமா?

அடுத்தது உங்க கையெழுத்து. கல்விக் கடனில் நீங்க இணைக் கடன்தாரரா சேர்ந்தால், முழுக் கடனும் உங்க சிபில் ரிப்போர்ட்டில் வரும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டால் பேங்க் இதையும் கழிச்சுத்தான் பார்க்கும். வரியிலயாவது மிச்சமாகுமா? 80-இ என்று நாம் பழகிய வட்டிச் சலுகை தனக்கு, கணவன் மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, சட்டப்படி காப்பாளரா இருக்கிற மாணவருக்கு வாங்கிய கடனுக்குத்தான். அண்ணன் தங்கச்சிக்குக் கட்டினால் கிடைக்காது. புது வரி முறையில் யாருக்குமே கிடையாது. அதனால கடன் தங்கச்சி பெயரில், அப்பா இணையாக இருக்க முடியுமான்னு முதல்ல கேளுங்க.

கணக்கு போட்ட பிறகும் வித்தியாசம் சின்னதா இருந்தால், முடிவை படிக்கப்போற பொண்ணுகிட்ட விடுங்க. ரெண்டு இடத்திலும் இந்த வருஷம் நடக்கிற பாடப் பட்டியலை எடுத்து, உட்கார ஆசைப்படுற வகுப்புகளை டிக் பண்ணச் சொல்லுங்க. இரண்டாம் வருஷம் படிக்கிறவங்க ரெண்டு பேர்கிட்ட பேசச் சொல்லுங்க.

அந்த வாசகர் கடைசியா சொன்னார்: "என் கல்யாணம், வீடு எல்லாம் தள்ளிப்போகும் சார். அவகிட்ட எப்படிச் சொல்றது?" சொல்லுங்க நண்பர்களே. பேப்பரை அவங்க முன்னாடியே வைங்க. 18 வயசுல இந்தக் கணக்கு புரியும். மறைச்சு வெச்சு அஞ்சு வருஷம் கழிச்சு மனசுக்குள்ள குமுறுறதுதான் ரெண்டு பேருக்கும் பெரிய செலவு.