அழையா விருந்தாளியின் உணவு

1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20. செகந்திராபாத்தில் பணியாற்றிய இராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸ், மலேரியா நோயாளியின் இரத்தத்தைக் குடித்திருந்த கொசு ஒன்றை அறுத்து நுண்ணோக்கியின்கீழ் வைத்தார். அதன் இரைப்பைச் சுவரில் வழக்கத்துக்கு மாறான உருண்டைச் செல்கள் தென்பட்டன. அவற்றினுள் கருநிறத் துகள்கள் கிடந்தன. நோயாளிகளின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் காணும்போதெல்லாம் அவர் பார்த்துப் பழகிய துகள்களே அவை. கொசுவின் உடலில் ஒட்டுண்ணி வளர்கிறது என்பதற்குச் சான்று அவ்வாறுதான் கிடைத்தது. அத்துகள்கள், மனிதரின் சிவப்பணுவுக்குள் இருந்தபோது ஒட்டுண்ணி உண்டு ஒதுக்கிய எச்சம். தின்று போட்ட கொட்டையே திருடனைக் காட்டிக்கொடுத்தது.

மனிதரைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணிகளுள் மிகக் கொடியது பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம். 2023இல் மலேரியாவால் இறந்தோர் ஏறத்தாழ 5,97,000 பேர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். காய்ச்சலும் இரத்தச்சோகையும் தோன்றுவது, ஒட்டுண்ணி சிவப்பணுக்களில் பெருகும் காலத்தில்தான். சிவப்பணுவுக்குள் நுழைந்த ஓர் ஒட்டுண்ணி, சுமார் 48 மணி நேரத்தில் 16 முதல் 32 வரையிலான ஒட்டுண்ணிகளாகப் பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியேறும். இத்தனை உயிர்களை உருவாக்கத் தேவையான பொருள் அதற்கு எங்கிருந்து கிடைக்கிறது?

சிவப்பணு ஒளிந்திருக்க ஏற்ற இடம். உடலின் தடுப்பாற்றல் செல்கள் அதனை எளிதில் ஐயுறுவதில்லை. வாழ்வதற்கோ அது வறிய இடம். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை. புதிய புரதம் ஆக்கும் அமைப்பும் இல்லை. அதிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு ஹீமோகுளோபின் மட்டுமே. போதாக்குறைக்கு, ஒட்டுண்ணி நுழையும்போதே தன்னைச் சுற்றி ஒரு குமிழையும் அமைத்துக்கொள்கிறது. ஆகவே இரத்தப் பிளாஸ்மாவிலுள்ள உணவுப்பொருள் அதனை வந்தடைய, சிவப்பணுவின் சவ்வு, குமிழின் சவ்வு, ஒட்டுண்ணியின் சொந்தச் சவ்வு என மூன்று மதில்களைக் கடந்தாக வேண்டும்.

முதலில் அது கைவைப்பது வீட்டிலேயே உள்ள பொருளின்மீது. தன் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய வாய் போன்ற அமைப்பால் ஹீமோகுளோபினைக் கவளம் கவளமாக உள்ளிழுத்து, அமிலத்தன்மை மிக்க செரிமானக் குமிழுக்கு அனுப்புகிறது. அங்கே நொதிகள் பல முறைவைத்து அதனைத் துண்டாடுகின்றன. இறுதியில் கிடைப்பவை அமினோ அமிலங்கள். சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் 60 முதல் 80 விழுக்காடு வரை இவ்வாறு கரைந்துபோகிறது. ஆனால் கிடைக்கும் அமினோ அமிலங்களில் சிறு பகுதியையே ஒட்டுண்ணி தன் புரதங்களுக்குப் பயன்படுத்துகிறது, பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. வளரும் உடலுக்கு இடம் ஒதுக்கவும், சிவப்பணு காலத்துக்கு முன்பே வெடித்துவிடாமல் காக்கவுமே இவ்வளவு உண்கிறது என்பது ஒரு விளக்கம்.

இந்த விருந்தில் நஞ்சும் உண்டு. ஹீமோகுளோபின் சிதையும்போது விடுபடும் இரும்புள்ள ஹீம் மூலக்கூறு, ஒட்டுண்ணியைக் கொல்லக்கூடியது. அதனை ஹீமோசோயின் என்னும் படிகமாக்கி ஒட்டுண்ணி முடக்கிவைக்கிறது. ராஸ் கண்ட கருந்துகள் இதுவே. குளோரோகுயின் மருந்து இப்படிகமாக்கலைத்தான் தடுக்கிறது. உண்ட உணவாலேயே ஒட்டுண்ணி மடிகிறது.

ஹீமோகுளோபின் முழு உணவுமன்று. வயது வந்த மனிதரின் ஹீமோகுளோபினில் ஐசோலூசின் என்னும் அமினோ அமிலம் அறவே இல்லை. டி.என்.ஏ. ஆக்கத்துக்கு வேண்டிய பியூரினையும் ஒட்டுண்ணியால் அடிப்படைப் பொருள்களிலிருந்து தானே ஆக்க இயலாது. இவற்றையும் குளுக்கோஸ், பாந்தோதெனிக் அமிலம் முதலியவற்றையும் வெளியிலிருந்தே பெறவேண்டும். குளுக்கோஸ் நுழையச் சிவப்பணுவிலேயே வழி உண்டு. பாந்தோதெனிக் அமிலத்துக்கோ நலமான சிவப்பணுவில் வழியே இல்லை.

வழியில்லாத இடத்தில் ஒட்டுண்ணி வழி செய்கிறது. நோயுற்ற சிவப்பணுவின் சவ்வில் புதிய கால்வாய் ஒன்று இயங்குவதை, அமெரிக்காவில் சஞ்சய் தேசாயும் உடன் ஆய்ந்தோரும் நுண்ணிய மின்னோட்ட அளவீட்டால் கண்டு 2000இல் வெளியிட்டனர். அதன் செயற்பாட்டை நிர்ணயிக்கும் ஒட்டுண்ணி மரபணுக்கள் 2011இல் அடையாளம் காணப்பட்டன. இக்கால்வாய்க்கு வேண்டிய புரதங்களை ஒட்டுண்ணி முந்தைய சிவப்பணுவில் இருக்கும்போதே ஆக்கி, உடன் எடுத்து வருகிறது. புது வீட்டுக்குக் குடிபோகும் முன்பே கதவைச் செய்து சுமந்து செல்வது போன்றது இது. இரண்டாம் மதிலான குமிழ்ச்சவ்விலோ ஒரே புரதம் இரு பணிகளைச் செய்கிறது: ஒட்டுண்ணியின் புரதங்கள் வெளியே செல்லும் வாயிலிலும் அதுவே உள்ளது, உணவு உள்ளே வரும் துளையும் அதுவே. மூன்றாம் மதிலில் குளுக்கோசுக்கும் பியூரினுக்கும் தனித்தனிக் கடத்திப் புரதங்கள் உள்ளன.

மருந்துகள் பயனற்றுப்போகும் கதையும் இந்த உணவுப் பழக்கத்தைச் சார்ந்ததே. செரிமானக் குமிழின் சவ்வில், புரதத் துண்டுகளை வெளியேற்றும் கடத்தி ஒன்று உள்ளது. அதில் ஏற்பட்ட திடீர்மாற்றம், குளோரோகுயினையும் குமிழிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. அடுத்து வந்த ஆர்டிமிசினின், ஹீமின் இரும்பால் தூண்டப்பட்டே கொல்லும் ஆற்றல் பெறும் மருந்து. அதை எதிர்க்கும் ஒட்டுண்ணிகள் வியக்கத்தக்க ஓர் உத்தியைக் கையாளுகின்றன. கெல்ச்-13 என்னும் அவற்றின் புரதம் மாறியிருப்பதால், வளர்ச்சியின் தொடக்கத்தில் அவை ஹீமோகுளோபினைக் குறைவாகவே உட்கொள்கின்றன என 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. உண்பது குறைந்தால் ஹீம் குறைகிறது, மருந்தும் விழித்தெழுவதில்லை. அரைப்பட்டினி கிடந்து உயிர் பிழைக்கும் இத்தகைய ஒட்டுண்ணிகள் முதலில் கம்போடியாவிலும், பின்னர் ருவாண்டா, உகாண்டா முதலிய நாடுகளிலும் காணப்பட்டன.

ஆதலால் சிவப்பணுச் சவ்வின் புதிய கால்வாயையே அடைத்துவிடும் பொருள்களைத் தேடும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. இதில் ஆய்வகம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்ட செய்தியும் உண்டு. சில தடுப்பான்கள் கால்வாயை நன்றாக அடைத்தபோதிலும், வளர்ப்பு ஊடகத்தில் ஒட்டுண்ணிகள் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. காரணம், அந்த ஊடகத்தில் ஐசோலூசின், குளுட்டமின், ஹைப்போசாந்தின் என்னும் பியூரின் ஆகியவை மிதமிஞ்சி இருந்தன. கதவு சிறிதளவு திறந்திருந்தாலும் போதிய உணவு உள்ளே சென்றது. அம்மூன்றின் அளவைக் குறைத்து மீண்டும் சோதித்தபோது, முன்பு வலுவற்றவையாகத் தோன்றிய அதே தடுப்பான்கள் மிகக் குறைந்த அளவிலேயே ஒட்டுண்ணிகளைக் கொன்றன.