நம், தொம், சாப்பு: மிருதங்க ஒலிக்கு ஐகான் வரைவது எப்படி?

உங்க போன் கீபோர்டில் 'டிரம்' என்று தேடிப் பாருங்கள். குச்சிகளோடு ஒரு டிரம் வரும். அது 2016-ல் எமோஜி பட்டியலில் சேர்ந்தது. 2020-ல் நீள டிரம் ஒன்றும் வந்தது. மிருதங்கம், தவில் இரண்டுமே இல்லை.

சரி, மிருதங்கத்துக்கு ஒரு படம் கிடைத்தால் போதுமா? மியூசிக் ஆப் செய்பவர்களுக்குப் போதாது. ஸ்ரீரங்கத்தில் ஒரு மாணவர் ஆப் வைத்துப் பயிற்சி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு பட்டனிலும் ஒரே மிருதங்கப் படம் இருந்தால், எது நம், எது தொம்?

சிக்கல் எங்கே?

1991-ல் வந்த 'ஜெனரல் மிடி' தரத்தில் தாள ஒலிகள் மொத்தம் 47. பெரும்பாலும் ஒரு வாத்தியத்துக்கு ஒரு கீ. ஹை-ஹாட் மாதிரி சிலவற்றுக்குத்தான் மூடிய அடி, திறந்த அடி என்று தனித்தனி கீ.

மிருதங்கத்தில் இதுவே தலைகீழ். வாத்தியம் ஒன்று, அடிகள் பல. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2013-ல் பயன்படுத்திய ஒலித் தொகுப்பில் மட்டும் 10 வகை அடிகள் உண்டு.

எழுத்தே போதாதா?

பட்டனில் சொல்லை எழுதிவிடலாமே என்று தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும் பிரித்து எழுதும் இரண்டு அடிகளுக்கு, தமிழில் ஒரே 'த'தான். சொற்கட்டு மாறினால் அதே 'த' வேறு கைக்கும் போகும். பாணிக்குப் பாணி பெயரும் மாறும்.

தமிழ் படிக்கத் தெரியாத மாணவர்களும் இருக்கிறார்கள். திருச்சி அருகே பூவாளூரில் பிறந்த திருச்சி சங்கரன், 1971 முதல் டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தவர்.

ராமன் தரும் துப்பு

திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி.ராமன், 1934-ல் இந்திய தாள வாத்தியங்கள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தோலில் மெல்லிய மணலைத் தூவித் தட்டினால், அதிராத இடங்களில் மணல் கோடாகச் சேரும். விரல் எங்கே தொடுகிறது, எங்கே அடிக்கிறது என்பதைப் பொறுத்துக் கோடுகள் மாறும். அதாவது, ஒலியின் அடையாளம் தோலில் கை படும் இடத்தில் இருக்கிறது.

அப்போ எப்படி வரையலாம்?

• இரண்டு வட்டம்: ஒன்று வலந்தலை, மற்றொன்று தொப்பி. வலந்தலை நடுவே கரணைக்கு ஒரு கறுப்பு வட்டம்.

• அடிக்கும் இடத்தில் புள்ளி. தொட்டு நிற்கும் விரலுக்குச் சின்னக் கோடு. 'நம்' என்றால் விளிம்பில் புள்ளி, மோதிர விரலுக்குக் கோடு.

• திறந்த அடிக்கு மேலே சின்ன வட்டம், மூடிய அடிக்குக் கூட்டல் குறி. ஹை-ஹாட்டுக்கு மேற்கத்திய டிரம் நொட்டேஷனில் ஏற்கெனவே உள்ள வழக்கம் இது. 'தொம்' என்றால் தொப்பி வட்டத்தில் புள்ளி, மேலே வட்டம்.

• நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. நிறக்குறைபாடு உள்ளவருக்கு சிவப்பு நம்மும் பச்சை தொம்மும் ஒன்றாகத் தெரியலாம்.

• சொல்லை விட்டுவிட வேண்டாம்; படத்துக்குக் கீழே துணையாக இருக்கட்டும். பாணிக்கு ஏற்ப அதை மாற்றும் வசதியும் வேண்டும்.

வரைந்ததும் ஐகானை 24 பிக்சலுக்குச் சுருக்கி, மிருதங்கம் வாசிக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். பெயரைக் கேட்காதீர்கள், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கை சரியான இடத்துக்குப் போனால் ஐகான் பாஸ்.