காமிராக் கண்ணும் கணினி மூளையும்

கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையில், இருப்புப்பாதையைக் கடக்கும் யானைகளைக் கண்டறிந்து காக்க, 12 கோபுரங்களில் அமைந்த காமிராக்கள் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இயங்கத் தொடங்கின. சாமை விளையும் நம் சித்தேரி மலையிலும், பயிரில் காட்டுப்பன்றி நுழைவதை அறிய இவ்வித ஏற்பாட்டைச் சிறிய அளவில் செய்யலாகாதா என அங்கத்தினர் வினவுவது இயல்பே.

ஒளியைப் பதியும் சில்லு இதன் கண். படத்தை ஆராயும் சிறு கணினிப் பலகை மூளை. இரண்டையும் இணைக்கும் நாடாக் கம்பி நரம்பு. பணம் விரயமாவது இந்நரம்பில்தான். ராஸ்பெரி பை பலகைக்கென 2013-இல் வந்த முதற் காமிராவின் நாடா 15 முனைகளுடையது. 2023-இல் வந்த ஐந்தாம் பலகையின் பொருத்துவாயோ 22 முனைகளுடையது. அதற்குரிய மாற்று நாடா இன்றேல் இரண்டும் பொருந்தா. முனை பொருந்தினும், அச்சில்லை இயக்கும் மென்பொருள் பலகையில் இல்லையேல் படம் வாராது. மேலும், இவ்விணைப்பு குறுந்தூரத்துக்கே உரியது. காமிரா வயலிலும் பலகை வீட்டிலுமாக இருப்பின், வலையிணைப்புக் காமிராவே தகும்.

ஆகவே, விலைப்புள்ளி கோரும்போதே முனை, மென்பொருள், தூரம் ஆகிய மூன்றுக்கும் எழுத்து மூலம் விடை பெறுக. பொருத்தி இயக்கிக் காட்டிய பின்னரே சங்கப் பணம் கைமாறட்டும்.